மாசி 1035 டிராக்டர்: ஒழுகும் டீசல் டேங்க்கை ஈயம் வைத்து அடைத்தது

பெரியப்பாவின் மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டரில் டீசல் கசிவது புதுசு ஒன்றும் இல்லை. இன்ஜின் மேல் எப்போதும் ஒரு ஈரம், அந்த ஈரத்தில் புழுதி ஒட்டிக் கறுப்பாகக் குழைந்த சேறு, பக்கத்தில் போய் நின்றாலே டீசல் வாடை. "வயசான வண்டின்னா அப்படித்தான்டா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை குச்சிக்கிழங்கு லோடு ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற சமயத்தில் கசிவு சொட்டாக மாறிவிட்டது. ராத்திரி அடியில் வைத்த குவார்ட்டர் பாட்டில் காலையில் வாய் வரை நிறைந்திருந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 180 மில்லி, அப்படியென்றால் மாசத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல், டீசல் 90 ரூபாயைத் தாண்டி விற்கிற காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாயை மண்ணுக்கு வார்க்கிறோம். இந்தக் கணக்கைச் சொன்னதும்தான் பெரியப்பா வண்டியை இரண்டு நாள் விட ஒத்துக்கொண்டார்.

காசைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு. இந்த வண்டியில் டேங்க் பானட்டுக்குள், இன்ஜினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே இன்ஜின் புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். டீசல் தானாகத் தீப்பிடிக்க 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும், லோடு இழுக்கிற மேனிஃபோல்ட் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். சொட்டு இப்போது விழுகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தால் கதை வேறு.

முதல் வேலை, ஒழுகுவது நிஜமாகவே டேங்க்தானா என்று பார்ப்பது. டேங்க்கைக் குறை சொல்வதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை நிறைய இருக்கின்றன: டீசலைத் திறந்து மூடுகிற டேப்பின் கிளாண்ட் (கசியாமல் இறுக்குகிற அடைப்பு), டேப் மரை ஏறுகிற இடம், பைப் முனையில் இருக்கும் செம்பு வாஷர், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வருகிற ரிட்டர்ன் பைப். இவற்றில் எது கசிந்தாலும் டீசல் தகட்டின் அடியைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து போய், சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் சொட்டும். சொட்டு விழுகிற இடத்தை வைத்து ஓட்டையைத் தேடினால் கிடைக்காது.

அதற்கு சாக்பீஸ் நல்ல வழி. பானட்டைக் கழற்றி, டேங்க் அடிப்பக்கத்தையும் டேப்பையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி காய்ந்த துணியால் துடைத்து, கை எட்டுகிற வரைக்கும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டேன். எட்டாத இடத்துக்கு சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து பிரஷ்ஷால் பூச்சு. காய்ந்ததும் எல்லாம் வெள்ளை. அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டு வந்து செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தால், டேப்புக்குப் பின்பக்கம் நாலு விரல் தள்ளி, தாங்கு பிராக்கெட்டின் ஓரத்தில், கடுகு அளவுக்கு ஒரு சாம்பல் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல அகன்று காசு அளவுக்கு வந்து, கீழ் விளிம்பில் பளபளவென்று சொட்டு திரண்டது. டேப்பைச் சுற்றி இருந்த வெள்ளை அப்படியே வெள்ளையாக இருந்தது. அப்படியென்றால் டேப் மேல் குற்றமில்லை.

அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே பழைய ஒட்டு வேலையின் மிச்சமும் இருந்தது. யாரோ எப்போதோ எம்சீல் வைத்திருக்கிறார்கள், அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எந்த ஒட்டு மாவும் டீசல் ஊறிய தகட்டில் பிடிக்காது. சொட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே அப்பினால் அது தகட்டோடு ஒட்டாமல் டீசல் படலத்தின் மேல் மிதக்கும், வண்டி அதிர்வுக்கு நாலு நாளில் கழன்றுவிடும். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் துணி சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பது எவ்வளவோ மேல், சோப்பை டீசல் கரைக்காது, வீடு வந்து சேரும் வரைக்கும் நிற்கும். வீடு வந்து சேருவதற்கு மட்டும்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டீசலைக் கேனில் இறக்கினோம். 47 லிட்டர் பிடிக்கிற டேங்க், அன்றைக்கு உள்ளே இருந்தது கால்வாசிகூட இல்லை. டேப் வழியாக வருவது நின்ற பிறகும் டேங்க்கைக் கழற்றிச் சாய்த்தால் இன்னும் ஒரு சொம்பு வந்தது, அதுவும் டீசல் நிறத்தில் வராமல் காப்பித் தண்ணீராக வந்தது. கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். சற்று நேரத்தில் மூன்றாகப் பிரிந்து நின்றது: மேலே டீசல், நடுவில் தண்ணீர், அடியில் டீத்தூள் மாதிரி துரு. நோய் எங்கே இருக்கிறது என்று அந்த பாட்டில் சொல்லிவிட்டது.

டேப்பின் குழாய் டேங்க்குக்குள் ஓர் அங்குலம்போல மேலெழும்பி நிற்கும். அடியில் தங்குகிற குப்பை இன்ஜினுக்குப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் தண்ணீர் டீசலைவிடக் கனம், ஒரு லிட்டர் டீசல் 850 கிராமுக்குள்தான் இருக்கும், அதனால் உள்ளே வருகிற தண்ணீர் எல்லாம் அடிக்குப் போய், அந்தக் குழாய் வாய்க்குக் கீழேயே தங்கிவிடும். டேப்பைத் திறந்தாலும் வராது, இன்ஜின் ஓடினாலும் வராது. வருஷக் கணக்கில் அங்கேயே உட்கார்ந்து தகட்டைத் தின்னும். எங்கள் ஓட்டை சரியாக அந்த உயரத்துக்குக் கீழேதான் இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், இந்த வண்டி பெரியப்பாவுக்கு வருவதற்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஓடிய வண்டி. சேலம் டவுன் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். மலையில் பகல் வெயிலுக்கு டேங்க் சூடாகும், சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் தகடு சட்டென்று குளிரும். டேங்க் பாதி காலியாக இருந்தால் அந்தப் பாதியில் ஈரக்காற்று, அது குளிர்ந்த தகட்டில் வேர்த்து, வழிந்து, அடிக்குப் போகும். ராத்திரி சுருங்குகிற காற்றுக்கு ஈடாக மூடியில் உள்ள சிறு துளை வழியாக மறுபடி வெளி ஈரம் உள்ளே வரும். தினமும் ஓரிரு சொட்டு. இப்போது வண்டி நிற்பது குப்பனூர் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரம், மார்கழி தை மாசத்தில் இங்கேயும் பனிக்குக் குறைவில்லை. போதாததற்கு பெரியப்பா கேனில் பத்துப் பத்து லிட்டராக வாங்கி ஊற்றுகிற ஆள், இந்த டேங்க் நிறைந்து நான் பார்த்ததே கிடையாது.

வெளியிலிருந்தும் ஒரு கை கொடுத்திருக்கிறார்கள். டேங்க் பிராக்கெட்டில் உரசாமல் இருக்க யாரோ சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். சாக்கு, கழுவுகிற தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் குடித்து வைத்துக்கொண்டு தகட்டை எப்போதும் ஈரமாகவே வைத்திருந்திருக்கிறது. உள்ளே ஒரு துரு, வெளியே ஒரு துரு, இரண்டும் சந்தித்த இடம்தான் ஓட்டை.

சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் அடிப்பகுதி முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்று பேசும், இற்றுப்போன இடம் பொத்தென்று சத்தம் கொடுக்கும். ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பொத் சத்தம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்த்ததில் கடுகு பட்டாணி ஆனது. அழுத்திப் பார்க்காமல் கடுகை மட்டும் அடைப்பதில் அர்த்தமில்லை, பக்கத்தில் அடுத்த கடுகு தயாராக இருக்கும்.

உள்பக்கம் கழுவியது இந்த வேலையிலேயே பெரிய வேலை. வேப்பங்குச்சியைச் சீவி ஓட்டையில் ஆப்பாக அடித்துவிட்டு, கொதிக்கிற தண்ணீர், சலவை சோடா, துணி துவைக்கிற பவுடர், கூடவே ஒரு முழ நீளத்துக்கு சைக்கிள் செயின். செயினின் ஒரு முனையில் கம்பி கட்டி வாய்க்கு வெளியே விட்டிருந்தோம், உள்ளே தடுப்புத் தகடு இருப்பதால் மாட்டிக்கொண்டால் இழுத்து எடுக்க வேண்டும். நட்டு, ஜல்லி போடுகிறவர்கள் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும், ஒன்று உள்ளே நின்றுவிட்டால் அது ஓட்டத்தில் தகட்டை இடித்துக்கொண்டே இருக்கும். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். கொட்டுகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியாமல் போகிற வரைக்கும், வாயில் மூக்கை வைத்தால் டீசல் வாடை வராமல் போகிற வரைக்கும் விடவில்லை.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. "டீசல்தானே, பெட்ரோலா என்ன, பிடிக்காது" என்று பட்டறைகளில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். நம் நாட்டுத் தர விதிப்படி டீசலின் தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் பிடிக்கிற அளவுக்கு ஆவி எழும் சூடு, குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். சேலத்தில் சித்திரை வெயில் 38, 40 என்று போகிறது. அதுவும் நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து தயாராக நிற்கும், மூலையில் ஒட்டியிருக்கும் பிசின் சூடு பட்டால் புது ஆவியைக் கக்கும். காலி டேங்க்கில் வெல்டிங் வைத்து உயிரை விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ரோட்டோர வெல்டிங் கடையில் ஒருவர் "தண்ணிய ஊத்திட்டு ஒரு ஸ்பாட் வெச்சுடலாம் தம்பி, அஞ்சு நிமிஷம்" என்றார். ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், துரு தின்று காகிதமான தகட்டில் ஆர்க் வைத்தால் ஓட்டை அடையாது, பெரிதாகும்.

துரு எடுக்க பாஸ்பாரிக் ஆசிட். பெயின்ட் கடைகளில் துரு நீக்கி என்று கேட்டால் கிடைக்கிறது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் வேலையை இன்னும் வேகமாக முடிக்கும், ஆனால் அது துருவோடு நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்னும், கழுவி முடித்த கையோடு மஞ்சளாகப் புதுத் துருவும் பூக்கும். பாஸ்பாரிக் ஆசிட் துருவைக் கரைத்துவிட்டுச் சாம்பல் கறுப்பில் ஒரு படலத்தை விட்டுச் செல்கிறது, அது கொஞ்ச காலத்துக்குக் காப்பு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், டேங்க் வாயை மூடக் கூடாது, ஆசிட் இரும்போடு சேரும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி வேண்டாம். அப்படியும் இப்படியும் புரட்டி வைத்து ஒரு ராத்திரி விட்டு, காலையில் கொட்டி, சோடாத் தண்ணீரில் அலசினோம். செல்போன் கேமராவை வாய் வழியாக விட்டு எடுத்த படத்தில் அடித்தகடு சீராகச் சாம்பல் பூத்திருந்தது, செதில் எதுவும் இல்லை.

ஒட்டுப் போட அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனோம். பித்தளை ரேடியேட்டர் குறைந்து அலுமினியம் வந்த பிறகு ஈயத்தை உருக்கி ஒட்டுகிற பற்று வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வயதான பாய் ஒருவர், டேங்க்கைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் யாரும் வெக்கலையே? அப்போ சரி" என்றார்.

"பாய், ஜிஐ ஷீட்ல ஒட்டுப் போட்டா துரு பிடிக்காதுன்னு சொல்றாங்களே?"

"டீசல் டேங்குக்கு ஜிஐ ஆகாது தம்பி. அந்தப் பூச்சு டீசல்ல கரைஞ்சு பம்புக்குப் போகும். சாதாத் தகடு கொண்டா."

அவர் சொன்னது சரிதான். ஜிஐ ஷீட்டின் மேல் பூசியிருக்கிற துத்தநாகம் டீசலில் இருக்கிற அமிலத்தன்மையோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பிசினாகி, கடைசியில் இன்ஜெக்டரில் போய்ப் படியும். செவ்வாய்ப்பேட்டையில் 20 கேஜ் சாதாத் தகடு ஒரு துண்டு வாங்கி வந்தேன்.

பாய் வேலை செய்த விதம் பார்க்க வேண்டியது. டேங்க்கைக் கவிழ்த்து வைத்தார், அடிப்பகுதி மேலே வந்துவிட்டது. மூடிக்குள் ரப்பர் வைத்து அதன் துளையை அடைத்தாகிவிட்டது. டேப் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊற்றி, தகட்டுக்கு ஒரு விரல் கீழே வரும் வரை நிரப்பினார். முழுக்க நிரப்பினால் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொண்டு ஈயம் உருகாது, நிரப்பாமலே விட்டால் ஆவிக்கு இடம். டேப் ஓட்டையை மட்டும் திறந்தே வைத்தார், சூட்டில் காற்று விரிந்தால் போக வழி வேண்டும். டேங்க்குக்கு நேராகத் தீ காட்டவே இல்லை. செம்புப் பற்றுக்கோலைப் பத்தடி தள்ளி அடுப்பில் பழுக்க வைத்து எடுத்து வந்துதான் வேலை.

தகட்டை இற்றுப்போன இடத்தைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, நாலு மூலையையும் உருட்டினார். கூர்மையான மூலை அதிர்வில் முதலில் தூக்கும். டேங்க்கில் அந்த இடத்தை அரத்தாலும் எமரி பேப்பராலும் வெள்ளி போலப் பளிச்சிடும் வரை தேய்த்தார். அடுத்து ஈயம் பிடிக்க வைக்கிற பற்று ஆசிட் பாட்டில், அதில் பழைய டார்ச் பேட்டரியின் துத்தநாகக் கூட்டை வெட்டிப் போட்டுக் கொதி அடங்க விட்டது, பிரஷ்ஷால் ஒரு பூச்சு. கோலை வைத்ததும் சுர்ரென்று புகை, அதன் பின்னாலேயே ஈயம் தகட்டில் கண்ணாடியாகப் பரவிப் படர்ந்தது. எங்கே பரவாமல் உருண்டையாக நின்றதோ அங்கே மறுபடி அரம், மறுபடி ஆசிட். ஒட்டுத் தகட்டின் உள்பக்கத்துக்கும் அதே மாதிரி ஈயப் பூச்சு கொடுத்து, இரண்டு ஈயமுகத்தையும் ஒன்றோடொன்று வைத்து, மரக்கட்டையால் அழுத்திக்கொண்டே மேலே கோலை நகர்த்த, நாலு ஓரத்திலும் வெள்ளிக்கோடாக ஈயம் பிதுங்கி வந்தது. "ஓரம் பூரா கோடு வந்துச்சுன்னா உள்ள பூரா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார். தகரமும் ஈயமும் கலந்த இந்தப் பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடுகிறது, அதனால்தான் மெலிந்த தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒட்டின கையோடு சோடாத் தண்ணீரால் கழுவ வேண்டும். பற்று ஆசிட் மிச்சம் இருந்தால் ஒட்டைச் சுற்றி ஒரு மாதத்தில் புதுத் துரு வளையம் வந்துவிடும்.

சோதனைக்கு டயர் கம்ப்ரசரை வைக்க நினைப்பவர்கள் அதைத் தொட வேண்டாம், சதுரத் தகடு ஊதிப் பிதுங்கும், பழைய மூட்டுகள் விட்டுவிடும். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே மறுபடி சாக்பீஸ் பூசி, டேங்க்கை நேராக வைத்து ஒரு ராத்திரி விட்டால் போதும். தண்ணீர் நுழையாத சந்திலும் மண்ணெண்ணெய் நுழையும். காலையில் வெள்ளை கலையாமல் இருந்தது. அப்புறம்தான் ரெட் ஆக்ஸைடும் பெயின்டும். டேங்க்குக்குள் ஊற்றிப் புரட்டுகிற எபாக்ஸி பூச்சு வேண்டுமா என்று யோசித்து விட்டுவிட்டேன். துளி ஈரமோ துருவோ இருக்கும் இடத்தில் அது தோலாக உரிந்து வந்து டேப்பை அடைக்கும், அடைத்தால் எடுக்கவும் முடியாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, இன்ஜின் ஆயில் கலந்த டீசலைக் கொஞ்சம் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி புரட்டியதோடு சரி.

பிராக்கெட்டில் சாக்குக்குப் பதிலாக எண்ணெய் தாங்குகிற ரகத்துப் பழைய கன்வேயர் பெல்ட்டைப் பட்டையாக வெட்டி வைத்தோம். சைக்கிள் ட்யூப் வைக்கலாம் என்று தம்பி சொன்னான், ஆனால் சாதா ரப்பர் டீசல் பட்டால் ஊதிக் கொழகொழவென்று ஆகிவிடும்.

டேங்க்கை ஏற்றிய பின் ஏர் எடுக்கிற வேலை, அதாவது பைப்புகளில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. டேப்பைத் திறந்து, ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு நூலாக டீசல். அதை இறுக்கி, அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்க்ரூ, கடைசியில் இன்ஜெக்டர் நட்டு. டேங்க் பக்கத்திலிருந்து இன்ஜெக்டரை நோக்கித்தான் போக வேண்டும், முறை மாறினால் காற்று மறுபடி பின்னால் நிற்கும். இரண்டு ஃபில்டரையும் புதுசாகப் போட்டோம், எவ்வளவு கழுவினாலும் மூலையில் மிச்சம் இருந்தது முதல் வாரத்தில் வந்து சேரும் என்பதால் இன்னொரு செட் வாங்கி வைத்து பத்து நாள் கழித்து மாற்றினேன்.

தண்ணீர் தங்காமல் இருக்க டேங்க்கை ராத்திரி நிறைத்து வைக்க வேண்டும் என்று பெரியப்பாவிடம் சொன்னபோது, "ஃபுல் டேங்க் வெச்சு களத்துல நிறுத்துனா விடியறதுக்குள்ள எவனாவது உறிஞ்சிட்டுப் போயிருவான்டா" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் பூட்டுப் போட்ட மூடி வாங்கி மாட்டினோம், முக்கால் டேங்க்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம். பூட்டு மூடியிலும் காற்றுத்துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற வண்டி வெற்றிடத்தில் மூச்சு முட்டி நிற்கும்.

இப்போது கிழங்கு லோடு போய்க்கொண்டிருக்கிறது, ஒட்டுப் போட்ட இடம் காய்ந்திருக்கிறது. செலவு புது டேங்க் விலையில் பாதிக்கும் கீழே, அதில் ஃபில்டர்கள்தான் பெரும்பங்கு. டேப் கிளாண்டில் மட்டும் லேசாக ஓர் ஈரம் காட்டுகிறது, பழைய டேப்பில் மரை தேய்ந்திருக்கிறது, கிழங்கு சீசன் முடிந்ததும் அதை மாற்ற வேண்டும்.